கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு வரி போடுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளாக நேர்காணல் சமயத்தில் 'ஆண்டுக்கு 4.2 லட்சம் சம்பளம்' என்கிற மாதிரி செய்திகள் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகின்றன. அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. 'சார், மாசம் முப்பத்தஞ்சாயிரம்னு நெனச்சேன், இருபத்தேழாயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கு, இவ்வளவு டாக்ஸா?' என்று புதுப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

டாக்ஸ் எல்லாம் இல்லை. புதிய வரி முறையில் 2025-26 முதல், சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கழித்துக்கொடுக்கும் நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வருமான வரியே வராது. அந்த 4.2 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது அவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போடும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) என்று 720, வருடக் கடைசியில் 'திறமையைப் பார்த்து' தருவதாகச் சொல்லும் தொகைக்கு மாதக் கணக்கில் 3,000, எல்லாம் அந்த 35,000-க்குள்ளேயே அடக்கம். மீதி 29,480. அதில் ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போனால் 27,680. இதில் சென்னை மாநகராட்சியின் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய், அதைப் பல கம்பெனிகள் ஒரே மாதத்தில் பிடிப்பதால் அந்த மாதம் இன்னும் குறையும்.

பி.எஃப். பிடிப்பதில் எனக்குக் குறையே இல்லை, அது அவரவர் பணம், வட்டியும் சேரும். கம்பெனி பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், பாஸ்புக்கில் 550-தான் தெரியும், அதைப் பார்த்துத் திருட்டு என்று பதற வேண்டாம். ஆனால் பிடித்த பணம் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா என்று அவசியம் பாருங்கள், ஏறாத இடங்களும் உண்டு.

எனக்குக் கோபம் கிராஜுவிட்டி விஷயத்தில்தான். நிரந்தர ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது பொதுவாக ஐந்து வருடம் முடித்திருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டு வருடத்தில் கம்பெனி மாறுகிற பிள்ளைக்கு அதைச் சம்பளக் கணக்கில் காட்டுவது என்ன நியாயம்? மாதம் 35,000 என்று நம்பி வண்டிக்குத் தவணை போட்டுவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள்.

ஆஃபர் லெட்டரில் 'மாதம் வங்கிக்கு வருவது இவ்வளவு' என்று ஒரு வரி போடச் சொல்லி அரசு உத்தரவிடலாம். அதுவரை நீங்களாவது, வேலைவாய்ப்புச் செய்தி போடும்போது சொல்லப்படும் தொகை சி.டி.சி.யா, கைக்கு வரும் சம்பளமா என்று கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பத்தூர்