கார்லைல் மைதானத்தில் ஒரு பலகை வேண்டும்

அமெரிக்க தேசியப் பூங்காத் துறையினருக்கும் கார்லைல் ராணுவ முகாம் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பென்சில்வேனியாவில், அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் பூர்வகுடித் தொழிற்பள்ளி இருந்த இடம் 2024 டிசம்பரில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வருகிறவர்களுக்கு என்ன எழுதி வைப்பது என்பது இனி உங்கள் பொறுப்பு. தமிழில் எழுதுகிற ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பந்தாட்டத்தைப் படிக்கப் போய்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் நான். அவ்வளவுதான் உறவு.

நான் பலகை கேட்பது அந்தப் பள்ளியின் 1912ஆம் ஆண்டு ஃபுட்பால் அணிக்காக. (தமிழ் வாசகர்களுக்கு: இது நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.) கார்லைல் கல்லூரிகூட இல்லை. ஆனால் மோதியது கல்லூரிகளோடு, அதுவும் பெரும்பாலும் அவர்கள் ஊருக்கே போய். அந்தப் பருவத்தில் 14 ஆட்டம்; 12 வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரியை 27-6 என்று சாய்த்தார்கள். அமெரிக்க ராணுவம் லகோட்டா பூர்வகுடியினரைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்து 22 வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த ஆட்டத்தை யார் சொன்னாலும் கார்லைல் வீரர் ஜிம் தோர்ப்பில் தொடங்கி ஜிம் தோர்ப்பிலேயே முடிக்கிறார்கள். பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. அந்தக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். ஆனால் அன்றைய நான்கு டச்டவுனில் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது) ஒன்றுகூட அவருடையது இல்லை. மூன்று அலெக்ஸ் அர்காசா போட்டவை, ஒன்று ஜோ பெர்கி. தோர்ப் நீண்ட தூரம் ஓடிப் போட்டதைச் சொந்த அணியின் தவறுக்காகச் செல்லாது என்றுவிட்டார்கள்.

எதிரணியில் ஐசன்ஹோவர் இருந்தார், பிற்காலத்து ஜனாதிபதி. தோர்ப்பைப் பிடிக்கப் போய்த்தான் அவர் முழங்கால் போனது என்று ஒரு கதை உலவுகிறது. முழங்கால் போனது அடுத்த வாரம், டஃப்ட்ஸ் அணியோடு ஆடியபோது. தயவுசெய்து அந்தக் கதையைப் பலகையில் ஏற்றிவிடாதீர்கள்.

ராணுவத்தை வென்ற மறு வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். முந்தைய ஆண்டும் இதே கதை: ஹார்வர்டை 18-15 என்று வீழ்த்திவிட்டு, அடுத்த வாரம் சிரக்யூஸிடம் 12-11 என்று ஒரே புள்ளியில் கோட்டை விட்டார்கள். ஊர் ஊராக ரயிலேறிப் போய் ஆடியவர்களின் களைப்போ என்னவோ.

இவ்வளவையும் ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிடலாம். அந்தப் பயம்தான் இந்த மடலை எழுத வைத்தது. வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியை வாயில் வராமல் செய்த பள்ளி அது. அணி ஈட்டிய பணம் பயிற்சியாளர் வார்னர் கையில்தான் புரண்டது. அதைத் தட்டிக் கேட்டவர்களும் அந்த வீரர்கள்தான். 1912இல் குவார்ட்டர்பேக்காக, அதாவது களத்தில் அணியின் ஆட்டத்தை நடத்துபவராக, ஆடிய கஸ் வெல்ச், சக மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார், 1914இல் நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு வந்தது, வார்னர் பள்ளியை விட்டுப் போனார். என்னைக் கேட்டால் ராணுவத்துக்கு எதிரான டச்டவுன்களைவிட அந்த மனு பெரிது. வெல்ச்சுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

பழைய மைதானமும் பார்வையாளர் மேடையும் இன்னும் நிற்கின்றன. முகாமிலேயே, படிக்க வந்து உயிரோடு திரும்பாத பிள்ளைகளின் கல்லறைகளும் இருக்கின்றன. அவர்களின் எச்சங்களை 2017 முதல் ராணுவம் குடும்பங்களிடம் ஒப்படைத்து வருகிறது. மைதானத்துக்கு ஒரு வழிகாட்டி, கல்லறைக்கு வேறு வழிகாட்டி என்று பிரிக்காதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரே பலகை போதும். 1912இல் ஆடிய ஒவ்வொருவர் பெயரும் இனமும் அதில் இருக்கட்டும். பள்ளி சூட்டிய பெயரோடு, வீட்டில் கூப்பிட்ட பெயர் தெரிந்தால் அதுவும். அங்கிருந்து கல்லறைக்கு எத்தனை அடி என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். 14 ஆட்டத்தின் புள்ளிகளையும் எழுதுங்கள், அந்த 34-26 உட்பட.

இப்படிக்கு,
தமிழில் விளையாட்டு எழுதும் ஒருவன்