தாழியின் வாயில் கால் படுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கருங்குளத்துக்காரி. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பள்ளிக்கூடம் போன காலத்தில் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் பறம்பைத் தாண்டித்தான் பஸ் போகும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் சரள்மண் அரித்து, தரையோடு தரையாகச் சிவப்பு வளையங்கள் தெரியும். அதுதான் தாழியின் வாய், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையின் வாய். வயசாகிச் சுருங்கிப்போன பெரியவர்களைச் சோறு தண்ணியோடு தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம், ஆச்சி சொல்வாள். சுருங்கியது கதையாக இருக்கலாம். சோறு கதையில்லை. 1899 முதல் இங்கே தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நெல் உமியைக் கண்டெடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு அங்கே போயிருந்தேன். தோண்டிய குழிக்கு மேல் போட்ட கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகள் கிடந்த கிடையிலேயே இருக்கின்றன. அவன் குப்புறப் படுத்துப் பார்த்தான். அந்தத் தளத்தை அமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சரி, வெளியே வந்தால் மனசு பதறிவிட்டது. திருச்செந்தூர் போகிற வேன் ஒன்று சாலையோரம் நின்றது. இறங்கிய பிள்ளைகள் பறம்பில் ஓடி, ஒரு தாழியின் விளிம்பைக் காலால் எற்றிப் பெயர்த்தார்கள். பெரியவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. பெயர்ந்த ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் கனம். கழுத்துப் பட்டையில் விரலால் அமுக்கிய தடம். என் விரல் அதில் சரியாகப் பொருந்தியது.

ஏறத்தாழ 114 ஏக்கர் இது. கண்ணாடிக்குள் இருப்பது அதில் ஒரு மூலை. 2004, 2005-இல் தோண்டியபோது சிறு பரப்பிலேயே 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. அப்படியானால் நாம் மிதிக்கிற இடத்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்?

தொல்லியல் துறையிடம் பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. நடப்பதற்கு ஒரே ஒரு பாதையைக் கல் பதித்துக் காட்டுங்கள். மழைக்குப் பின் வெளியே தெரியும் வாய்களைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், அல்லது மண் போட்டு மூடுங்கள். அகழாய்வில் மண் சுமந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தாழி எங்கே கிடக்கிறது என்று காலடி வைக்கும்போதே தெரியும். விடுமுறை நாள்களில் வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட அவர்களில் நாலு பேரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

பேரன் அந்த ஓட்டுத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். எடுத்த குழியிலேயே வைத்து மண் தள்ளச் சொன்னேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கருங்குளம், தூத்துக்குடி மாவட்டம்