நம் தேகப்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழுப் பெரியோர்களே, உறுப்பினர்களே, இம்முறை பெருந்திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். 2024இல் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படவில்லை. ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். குறுவைக்கு ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைகள் வேலையின்றி இருந்த அந்த வாரங்களில் நம் பயிற்சிக்கூடம் காலையும் மாலையும் நிரம்பியது. இவ்வாண்டின் புதிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்போது சேர்ந்தவர்களே. கர்லாக்கட்டைகளுக்குப் புதுப் பிடி போடப்பட்டது. தண்டாலும் பஸ்கியும் நமக்குக் கற்றுத் தந்த மூத்த ஆசான் மார்கழியில் காலமானார். அவர் வளர்த்த தோள்களே அவரைச் சுமந்து சென்றன. அவருக்கு நம் அஞ்சலி.

இவ்வாண்டின் பெரிய செய்தி, காணும் பொங்கலன்று ஆற்றங்கரைத் திடலில் நாம் போட்ட நாடகம். அதைப் பாராட்டியும் கண்டித்தும் கடிதங்கள் வந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியூர் ஆணழகன் போட்டி ஒன்றுக்குப் போன நம் பையன் ஒருவன் மேடைக்குப் பின்னால் சுருண்டு விழுந்தான். தசை வரிவரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதல் நாளிலிருந்தே அவன் தண்ணீர் குடிக்கவில்லை. நீர் பிரியும் மாத்திரையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். தொடையும் வயிறும் இழுத்துக்கொண்டு துடித்தவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தான். அதன்பின் மருத்துவர் ஒருவரை அழைத்து உரைக்கு ஏற்பாடு செய்தோம். கேட்க வந்தது செயற்குழு மட்டுமே. "உரைக்கு வராதவன் பேய்க்கதைக்கு வருவான்" என்று சொன்ன தமிழாசிரியர் ஐயா, தாமே உட்கார்ந்து இந்த நாடகத்தை எழுதிக் கொடுத்தார்.

வர இயலாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். இடுகாட்டை ஒட்டி ஒருவர் ஜிம் திறக்கிறார். வாசலில் 'ஆயுள் சந்தா' என்று பலகை. பணம் கட்டிய மறுவாரமே மாண்டுபோன ஒருவன் அமாவாசை இரவில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, "ஆயுள்தான் முடிந்தது, சந்தா முடியவில்லையே!" என்று வாதாடுகிறான். உரிமையாளர் விதிமுறைத் தாளைப் புரட்டுகிறார். செத்தவர்கள் வரக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவன் பின்னாலேயே இடுகாடு முழுவதும் எழுந்து வந்து வரிசையில் நிற்கிறது.

பிணங்களுக்கு அகோரப் பசி. அத்தனை சதையை ஒரே இடத்தில் கண்டதும் முகம் மலர்கிறது. முதல் பையனின் புஜத்தைக் கடித்த பிணம் துப்புகிறது. உள்ளே இருந்தது பருமன் காட்ட ஊசியில் ஏற்றிய எண்ணெய். இரண்டாமவனைக் கடித்த பிணம், "சாக்லேட் வாசனை வருகிறது, ஆனால் சதை எங்கே?" என்று பவுடர் டப்பாவுக்குள் தலையை விட்டுத் தேடுகிறது. மூன்றாமவன் போட்டிக்குத் தயாராகிறவன். அவனிடம் நீரும் இல்லை, உப்பும் இல்லை. தலைமைப் பிணம் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்கிறது. நான்காமவனின் மூளையைத் தின்னலாம் என்று மண்டையைத் திறந்தால் ஒரு கைக்கண்ணாடி மட்டும் கிடைக்கிறது. இவ்வளவு நடந்தும் பையன்கள் யாரும் பயப்படவில்லை. ஒரு பிணத்தின் முழங்கை பட்டுச் சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடி உடைந்தபோதுதான் அலறிக்கொண்டு ஓடினார்கள். திடலே சிரித்தது.

கூட்டம் அதிகமாக ரசித்தது வேதாளக் காட்சியை. விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். "மன்னா, இது எத்தனையாவது முறை?" என்று வேதாளம் கேட்கிறது. எண்ணிக்கையைச் சொல்ல வாய் திறந்ததும் அது மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடக்கம். செயங்கொண்டாரின் பரணியில் போர்க்களத்தில் கூழ் அடுகிற பேய்களையும் ஐயா கொண்டுவந்தார். அவை கூழை மூடிபோட்ட பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தன. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றையும் மேடையில் வைத்திருந்தோம். பிணம் அதைத் தள்ளினால் அது எழுந்து நிற்கிறது. மார்பையும் புஜத்தையும் மட்டும் வளர்த்துக் காலை மறந்த பையனை ஒரு விரலால் தொட்டாலே விழுகிறான். அடி கனமாக இருப்பதுதான் பொம்மையின் இரகசியம் என்பதை நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வேடிக்கைக்கு நடுவே ஐயா ஒரு கனமான காட்சியையும் வைத்திருந்தார். சினிமா வழியாக நாம் அறிந்த ஜாம்பி, ஹைட்டி நாட்டின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது. செத்த பிறகும் விடுதலை கிடைக்காது, யாரோ ஏவ, பிணமாகவும் உழைக்க வேண்டும் என்ற அச்சம் அது. நாடகத்தில் பயிற்சியாளர் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடைப்பிணம் தூக்கிக்கொண்டே இருக்கிறது. கை கழன்று டம்பெல்லோடு போய் விழுகிறது. பயிற்சியாளர் மறு கையைக் காட்டி "இன்னும் ஒன்று" என்கிறார். அந்தப் பிணமாக நடித்தவன் முன்பு மேடைக்குப் பின்னால் விழுந்த அதே பையன்தான். அவனே கேட்டு வாங்கிய வேடம் அது.

கடைசியில் ஆணழகன் போட்டி. நடுவர் எலும்புக்கூட்டுக்குப் பட்டம் தருகிறார். கொழுப்பு இல்லை, தண்ணீர் இல்லை, தோல்கூட இல்லை. இதைவிடத் தெளிவான உடற்கட்டை அவர் பார்த்ததே இல்லையாம். பையன்கள் எலும்புக்கூட்டைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். "தம்பி, செத்துப்போனேன். வேறொன்றும் செய்யவில்லை" என்கிறது அது.

இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்தி, இன்னும் ஒரு காட்சி இருக்கிறது என்று அறிவித்துவிட்டு மருத்துவரை மேடையேற்றினோம். முன்பு செயற்குழுவிடம் மட்டும் பேசிவிட்டுப் போன அதே மருத்துவர்தான். ஒருவரும் எழுந்து போகவில்லை. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கியது தளர்வதற்கும் ஏடிபி என்ற சக்திப்பொருள் வேண்டும் என்று தொடங்கினார். உயிர் போனதும் அது தீர்ந்துவிடுகிறது. சில மணி நேரத்தில் தசைகள் பூட்டிக்கொண்டு உடல் விறைக்கிறது. ஒன்றிரண்டு நாளில் தசை சிதையத் தொடங்கும்போது விறைப்பு விடுகிறது. உயிரோடிருப்பவன் நீரையும் உப்பையும் குலைத்துக்கொண்டால் தசை இழுக்கும். பொட்டாசியம் நிலை தவறினால் இதயத்துடிப்பே தாளம் தப்பும். 1992 அக்டோபரில் முகமது பெனஸீஸா என்ற பிரெஞ்சு வீரர் நெதர்லாந்தில் பட்டம் வென்ற சில மணி நேரத்தில் இறந்துபோனார். 1996 மார்ச்சில் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ட்ஸர் 31 வயதில் உறுப்புகள் செயலிழந்து மாண்டார். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாதவர் என்று உலகம் வியந்த உடல் அவருடையது. ஸ்டீராய்டு ஊசியால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்வதையும், விரை சுருங்கி விந்தணு குறைவதையும், இதயச் சுவர் தடிப்பதையும் மருத்துவர் தாய்மார்கள் முன்னிலையிலேயே மறைக்காமல் சொன்னார். அரிசிமாவு பூசிய முகங்கள் அந்த நேரத்தில் இன்னும் வெளுத்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

வேடம் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரையே பயன்படுத்தினோம். பிணங்கள் எழுந்து வரும்போது நாகசுவரக் கலைஞர் முகாரி வாசித்தார். தவில்காரர் ஒவ்வொரு தூக்கலுக்கும் ஓர் அடி கொடுத்தார். இருவரும் சன்மானம் வாங்க மறுத்துவிட்டார்கள். சங்கம் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

இனி கண்டனங்கள். பல பட்டங்கள் வென்ற மூத்த உறுப்பினர் ஒருவர், தேகப்பயிற்சிச் சங்கமே தேகப்பயிற்சியைக் கேலி செய்யலாமா என்று எழுதி விலகல் கடிதம் கொடுத்திருக்கிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நாம் சிரித்தது பயிற்சியைப் பார்த்து அல்ல. 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுக் கலையின் முன்னோடி யூஜின் சாண்டோ நடத்திய பெரும் போட்டியில், பருத்த தசைக்கு மட்டும் பரிசில்லை என்பது விதி. உடல் முழுவதும் ஒத்த வளர்ச்சியும், ஆரோக்கியமும், தோலின் நிலையும் மதிப்பெண்ணில் சேர்ந்தன. சாண்டோவோடு சிற்பி சார்லஸ் லாஸும் எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் நடுவர்களாக அமர்ந்தார்கள். நம் கூடத்துச் சுவரில் படமாக இருக்கும் மனோகர் ஆயிச் ஐந்தடிக்கும் குறைந்த உயரம் உடையவர். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் மறைந்தார். இந்தக் கலைக்கு அவர்தான் சாட்சி. தண்ணீருக்கு ஏங்கி மேடையில் நடுங்குகிறவனைச் சாட்சியாக்க நான் சம்மதிக்க மாட்டேன். விலகல் கடிதத்தைச் செயற்குழு இன்னும் ஏற்கவில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்று இந்தச் சபையில் வேண்டுகிறேன்.

மற்றொரு கடிதம், எலும்புக்கூடு ஆடுவது காரைக்கால் அம்மையாரை நினைவூட்டி மனத்தைப் புண்படுத்தாதா என்று கேட்டது. நியாயமான கவலை. நம் அரசலாறு கடலைச் சேரும் ஊரில் வாழ்ந்தவர் அவர். ஊன் உடம்பின் அழகை வேண்டாமென்று உதறி, இறைவனிடம் பேய்வடிவம் கேட்டுப் பெற்றவர். ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அதனால்தான் பெண் வடிவில் எலும்புக்கூடு வேண்டாம், தாளம் ஏந்தும் கை வேண்டாம், தாண்டவ அசைவு வேண்டாம் என்று ஒத்திகையிலேயே ஐயா தடுத்துவிட்டார். இறைவனுக்காக உடலை விட்டவரையும் கோப்பைக்காக உடலை வாட்டுகிறவரையும் ஒரே மேடையில் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

நாடகத்துக்குப் பின் நடந்தவை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன. தாய்மார்கள் பவுடர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சோதித்து உரிமம் பெற்ற பவுடர் விஷமல்ல; ஆனால் கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருளும் அல்ல. கடினமாகப் பயிற்சி செய்கிறவனுக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்கிறார் மருத்துவர். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. அதை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே போகிறது. சம்பா அறுவடைக்கு முன் நாம் வயலில் தெளிக்கும் உளுந்தில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. வீட்டுக் குதிரில் கிடப்பதைக் கடையில் தேட வேண்டாம். இன்னொன்று, பெயர் சொல்ல மாட்டேன், ஊசி போட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் தாங்களாகவே வந்து சொன்னார்கள். மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். அவர்களை யாரும் குத்திக்காட்டக் கூடாது. அப்படி ஒரு சொல் கூடத்தில் என் காதில் விழுந்தால் சொன்னவரை வெளியே நிறுத்துவேன்.

நவம்பர்க் கடைசிப் பெருமழையில் சம்பாப் பயிர் மூழ்கியதும், வாய்க்கால் கரை அரித்ததும் எல்லோரும் அறிந்ததே. அன்றிரவு நம் உறுப்பினர்கள் மணல் மூட்டைகளைத் தோளில் சுமந்து விடியும்வரை கரையைக் கட்டினார்கள். கண்ணாடி இல்லை, வெளிச்சம் இல்லை, முழங்கால் அளவு சேறு. நாடகத்துக்கு ஆள் தேடியபோது அந்த இரவில் நின்றவர்களைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்களை ஏற்க வேண்டுகிறேன். நம் ஆணழகன் போட்டியில் ஒவ்வொருவரும் மேடையிலேயே ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் நிற்க வேண்டும். உடலுக்கு நிறம் பூசக் கூடாது. கால்களுக்கும் சம மதிப்பெண். மருத்துவச் சான்று கட்டாயம். கோயில் திடலில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கும் போட்டி மீண்டும் தொடங்கும். காணும் பொங்கலுக்கு நாடகம் தொடரும். பிண வேடத்துக்கு விருப்பம் உள்ளவர்கள் ஐப்பசிக்குள் பெயர் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி நேரம் வேண்டும் என்று தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். காலை நேரத்தை ஒதுக்கலாம் என்பது என் கருத்து. சபை முடிவு செய்யட்டும்.

கூரையின் வடமேற்கு மூலை ஒழுகுகிறது. மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் இம்மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் அது நடக்கும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்