எல்லோருக்கும் பத்தரை மணியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீதிமன்றங்கள் காகிதமில்லாமல் இயங்கப்போவதை வரவேற்று எழுதிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வக்கீல் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். கோர்ட் வராந்தாவிலிருந்து பார்த்தால் இந்த விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள பெஞ்ச் கிளார்க் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். ஆளைப் பார்த்துத்தான் பதில் வரும். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் கைபேசியிலேயே தேதி வந்துவிடுகிறது. பெரிய விடுதலைதான்.

ஆனால் தேதி தெரிந்து என்ன? அன்றைய பட்டியலில் அறுபது, எழுபது வழக்குகள் இருக்கும். அத்தனை பேரும் பத்தரைக்கே வந்தாக வேண்டும். டபேதார் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சமாக முடிவு, ஆகிவிடுமோ என்ற பயத்தில் டீ குடிக்கக்கூட வெளியே போகமாட்டார்கள். பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி சொல்ல, நடக்க முடியாத பெரியவரை ஆட்டோ வைத்துக் கூட்டி வருவார்கள். 'இன்றைக்கு ஐயா லீவு' என்று, அதாவது நீதிபதி வரவில்லை என்று, அப்புறம்தான் தெரியும். பெஞ்ச் கிளார்க் வரிசையாக வாய்தா தேதிகளை வாசிப்பார், கூட்டம் கலையும். அந்த லீவு பல சமயம் ஆபீசுக்கு முதல் நாளே தெரிந்த லீவு. முதல் நாள் மாலை தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். விசாரணை வழக்குகளுக்கு மட்டுமாவது காலை, மதியம் என்று நேரம் பிரித்துக் கொடுப்பதற்கு எந்தப் புது இயந்திரமும் வேண்டாம்.

மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்யவும் பாதுகாக்கவும் மட்டும் அதில் 2,038 கோடி. செய்யவேண்டிய வேலைதான், பதிவறையில் செல்லரித்த கட்டுகளை நானே தூசி தட்டி எடுத்திருக்கிறேன். ஆனால் நீதிமன்ற நடைமுறைகளையே திருத்தி அமைக்கும் பணிக்கு எவ்வளவு தெரியுமா? 33 கோடி. பழைய முறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் பழைய தாமதமும் கூடவே ஏறிவிடாதா? இ-ஃபைலிங்கில் மனுவை ஏற்றிவிட்டு, அதையே பிரின்ட் எடுத்து கவுன்டரிலும் கொடுக்கச் சொன்னபோது வக்கீல்கள் கொதித்தார்கள். அதில் என்ன தப்பு?

சம்மன் சங்கதியும் இதே கதைதான். சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தால் 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பி வரும். சம்மனைக் கொண்டுபோகும் கோர்ட் ஊழியரான அமீனா எந்த இடத்தில் நின்று அதைச் சார்பு செய்தார், அதாவது உரியவரிடம் கொடுத்தார், என்பதைக் கைபேசியிலேயே பதிவு செய்யும் என்ஸ்டெப் முறை வந்துவிட்டது. அதற்கான ஒதுக்கீடு 26 கோடிகூட இல்லை. வழக்கு முதல் படியிலேயே மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பது கோர்ட்டுக்குப் போய் வந்த யாருக்கும் தெரியும்.

கடைசியாக, வக்கீல்கள் யாருக்கும் பிடிக்காத ஒரு யோசனை. என் பழைய சீனியர் இருந்திருந்தால் இதை எழுதவே விட்டிருக்கமாட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 17, விதி 1-இன்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது. மிகவும் தவிர்க்க முடியாத சூழலில் தளர்த்தலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் அந்த விலக்கே வழக்கமாகிவிட்டது. எனவே ஒவ்வொரு வாய்தாவும் யார் கேட்டு, என்ன காரணத்துக்காகத் தரப்பட்டது, அந்தத் தரப்புக்கு இது எத்தனையாவது என்பதைச் செயலியில் தேதிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 'கோர்ட்டு இழுத்தடிக்கிறது' என்று கட்சிக்காரரிடம் நாங்கள் சொல்லி அனுப்பியதில் பாதி, எங்கள் பக்கமே கேட்டு வாங்கிய வாய்தா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.