கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். இக்கல்வியாண்டின் கடைசித் தவணை நல்லபடியாக நிறைவுக்கு வருகிறது. தமிழ்மொழித் தேர்வுக்குத் தோற்றிய பிள்ளைகள் நன்றாக எழுதியிருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். விளையாட்டுப் போட்டி மழையிலும் தடைப்படாமல் நடந்தது. பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவர்களுக்கும் பங்குபற்றியவர்களுக்கும் வாழ்த்துகள். சிற்றுண்டிச்சாலைப் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்றுவரும் பெற்றோருக்குப் பாடசாலை கடமைப்பட்டிருக்கிறது.

மே விடுமுறையில் மேல்வகுப்பு மாணவர்களை வட வேல்ஸுக்கு அழைத்துச் சென்றோம். ஓக்வென் பள்ளத்தாக்கிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் இட்வால் ஏரியும், அதன் மறுகரையில் சாய்ந்து கிடக்கும் இட்வால் ஸ்லாப்ஸ் பாறையும் வரும். டார்வின் 1831இல் அங்கே வந்தபோது, கண்ணெதிரே இருந்த பனியாற்றுத் தடயங்களைக் காணத் தவறியதைப் பின்னாளில் தாமே எழுதியிருக்கிறார். புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அதை அந்த இடத்திலேயே வைத்துச் சொல்ல முடிந்தது. பயிற்றுநர் ஒருவருக்கு மாணவர் இருவர் என்ற முறையில், அப்பாறையில் உள்ள ஆர்டினரி ரூட் என்ற பாதையிலும் ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர்களின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை வகுப்பறையில் நான் அதிகம் கண்டதில்லை.

இனி, நான் எழுத வந்த விடயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் மாணவர்கள் நால்வர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் உறவினரின் காரில் மறுபடியும் அங்கே போயிருக்கிறார்கள். ஆசிரியரும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை இட்ட செய்தியைப் பார்த்த பெற்றோர் சிலர், பாடசாலைதான் கூட்டிப்போகிறது என்று நம்பிப் பணமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதே ஆர்டினரி ரூட்டில் ஏறி முடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கும் வழி தெரியாமல் நின்றவர்களை வேறொரு குழுவினர் கண்டு கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. பிள்ளைகளின் கைபேசி கிடைக்காமல் தவித்த பெற்றோர் இரவு என்னை அழைத்தபோதுதான் எனக்கே செய்தி தெரியும்.

அதன்பின் பலருடன் பேசினேன். "புதியவர்கள் ஏறுகிற பாதைதானே டீச்சர், ஏன் இவ்வளவு பதற்றம்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1897இல் முதன்முதலாக ஏறப்பட்ட பாதை அது. பிரித்தானியத் தர வரிசையின் மிகக் கீழ்ப் படிகளில் ஒன்றில் இருக்கிறது. கைக்கும் காலுக்கும் பிடிகள் தாராளம். ஆனால் அந்தத் தரம் கைகால் அசைவு எவ்வளவு கடினம் என்பதை மட்டுமே சொல்கிறது. பாதை ஏறத்தாழ 140 மீட்டர் உயரம். ஒரே கயிற்று நீளத்தில் முடியாது. இடையிடையே நின்று, தம்மைப் பாறையோடு கயிற்றால் பிணைக்கும் நங்கூரம் அமைத்து, அடுத்தவரைப் பாதுகாத்து மேலே எடுக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காலணிகள் உரசியதில் பல பிடிகள் கண்ணாடி போல வழுவழுத்துவிட்டன. மழை பெய்தால் அவற்றில் கால் நிற்காது. சரிவான பாறை என்பதால் விழுபவர் வெட்டவெளியில் தொங்கப் போவதில்லை; படிகளிலும் விளிம்புகளிலும் மோதி மோதித்தான் உருளுவார். உச்சியிலிருந்து நடைபாதையும் நேரே தொடங்குவதில்லை. இன்னும் சற்று ஏறி, இடப்பக்கம் கடந்து, கைகளையும் ஊன்றி இறங்க வேண்டும். கயிற்றை அவிழ்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று பிள்ளைகள் நினைக்கும் இடம் அது.

இவ்வகை ஏற்றத்தில் பாறையில் முன்கூட்டியே அடித்து வைத்த ஆணி எதுவும் இல்லை. முன்னே ஏறுபவர்தான் பாறை வெடிப்புகளில், கம்பி நுனியில் பொருத்திய சிறு உலோகக் கட்டிகளைச் செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டு போகிறார். நட் என்பது அதன் பெயர். மே மாதப் பயணத்தில் பயிற்றுநர் நிலத்தில் வைத்தே மாணவர்களைச் செருகச் சொன்னார். ஒரு மாணவி வைத்ததைக் கீழ்நோக்கி இழுத்தபோது அசையவில்லை. பயிற்றுநர் அதே கம்பியை மேல்நோக்கி லேசாக உயர்த்தினார். கட்டி கழன்று அவர் கையில் வந்துவிட்டது. ஏறுபவர் மேலே நகர நகரக் கயிறு இதைத்தான் செய்யும் என்றார். அன்று முழுவதும் எனக்கு அந்தக் கட்டியே நினைவாக இருந்தது.

தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993இல் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்டச் சென்ற மாணவர் நால்வர் உயிரிழந்த பிறகுதான், கட்டணம் பெற்றுப் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை இத்தகைய செயல்களுக்கு அழைத்துச் செல்லும் நிலையங்களுக்கு இந்நாட்டில் உரிமம் கட்டாயமாயிற்று. பல கயிற்று நீளங்கள் கொண்ட பாதைகளில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல, ஒரே நீளத்தில் முடியும் பாறைகளுக்கானதைவிட மேலான பயிற்றுநர் தகுதி வேண்டும். உள்ளரங்குச் சுவரில் நன்றாக ஏறுகிற ஓர் அண்ணனோ மச்சானோ அதற்கு ஈடாக மாட்டார்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். என் கையெழுத்துள்ள ஒப்புதல் படிவம் வராத எதுவும் பாடசாலைப் பயணம் அல்ல. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தனிப்பட்ட பயணங்களை ஒழுங்குசெய்ய இனி அனுமதியில்லை. பெற்றோருக்குத் தெரியாமல் இப்படிப் போகும் மாணவர் அடுத்த ஆண்டு மலையேற்றத்தில் சேர்க்கப்படமாட்டார். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. படிவத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டு அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நீங்களே பிள்ளையை அழைத்துச் செல்வதானால் அது உங்கள் உரிமை. தகுதி பெற்ற பயிற்றுநரை அமர்த்துங்கள், வானிலையைப் பாருங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்துப் பொலிஸைக் கேட்டு, மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அங்கே வருபவர்கள் தொண்டர்கள்; தங்கள் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று. இச்சம்பவத்துக்குப் பிறகு சில வீடுகளில் மகனை விட்டுவிட்டு மகளை மட்டும் அடுத்த பயணத்திலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆர்டினரி ரூட்டுக்குப் பக்கத்திலேயே ஹோப் என்ற சற்றுக் கடினமான பாதை இருக்கிறது. 1915இல் அதில் முதன்முதலாக முன்னே ஏறி வழி திறந்தவர் எமிலி டேனியல் என்ற பெண். உங்கள் மகள்மாரை அனுப்புங்கள். மகனுக்குள்ள அதே பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு.

அன்றிரவு கவலையோடு இருந்தபோதும் என்னுடன் பொறுமையாகப் பேசிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. தாங்களாகவே வந்து நடந்ததை மறைக்காமல் சொன்ன நான்கு மாணவர்களையும் பாராட்டுகிறேன். அவர்களுக்கு மலை பிடித்துப்போனதில் எனக்கு மகிழ்ச்சியே. அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான படிவங்கள் செப்டெம்பர் முதல் வகுப்பன்று கொடுக்கப்படும். அன்று பயிற்றுநர் ஒருவரும் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இயன்றவரை இருவரும் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்