பெரிய வெள்ளியை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடைய பெற்றோருக்கு,

தவக்காலம் முடிவை நெருங்குகிறது. பெரிய வாரத்து விடுமுறைக்கென இம்முறை பயிற்சித்தாள் எதையும் கொடுக்காமல், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அறிய வேண்டிய ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதன் காரணத்தை விளக்க, என் சிறுவயதுப் பெரிய வெள்ளிகளைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது.

நான் வளர்ந்த வீடு திருகோணமலைக் கடற்கரையை அடுத்திருந்தது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் தணிந்து, கரைவலை இழுக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டியே பெரிய வெள்ளி வரும். தொழிலுக்கு உகந்த நாளாக இருந்தும் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அன்று கடலுக்குப் போனதில்லை. ஆணி அடிப்பது, விறகு கொத்துவது எல்லாம் வியாழன் மாலையோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தினர்கூட, யாரும் கேட்காமலே, அன்று தங்கள் வானொலியைப் போடமாட்டார்கள். ஆலயத்தில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த வறண்ட ஓசை கேட்டதும் நாங்கள் விளையாட்டை விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். நண்பகலில் கஞ்சி மட்டுமே. பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவையை முத்தி செய்யப் போவோம்.

ஆனால் என் நினைவில் ஆழமாக நிற்பது இரவுதான். அம்மம்மா குத்துவிளக்கின் அருகே பாயில் அமர்ந்து, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார், வாசித்துக்கொண்டிருக்கும்போதே அழுவார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த நாள்களில், 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் எழுதிய நூல் அது. அதன் கடினமான சொற்களில் பாதி எனக்கு அன்று விளங்கவில்லை. எனினும், மரியாள் தன் மகனைத் தேடிப் புலம்பும் இடத்தில் அம்மம்மாவின் குரல் எப்படி இறங்கும் என்பது இன்றும் என் காதில் இருக்கிறது. காதில் இருக்கிறதே தவிர, அதை என்னால் திரும்பப் பாடிக்காட்ட இயலவில்லை.

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அந்தப் புத்தகம் வீட்டோடு போயிற்று. பல ஆண்டுகளின் பின் வேறொரு பிரதி கிடைத்தது. ஆனால் அதற்குள் அம்மம்மா காலமாகிவிட்டார். அச்சிட்ட பக்கத்தில் எந்த அடியை நீட்டுவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்பது எழுதப்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்கு அருகிலேயே அமர்ந்திருந்தும், ஒரு தடவையாவது “எனக்கும் சொல்லித் தாருங்கள்” என்று நான் கேட்கவில்லை. அந்தத் துயரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அம்மம்மா, அப்பாச்சி, அப்பப்பா எவரேனும் உங்களோடு இருந்தால், அவர்களின் சிறுவயதில் இந்த நாள் எப்படிக் கழிந்தது என்று பிள்ளை அவர்கள் அருகில் அமர்ந்து கேட்க வழிசெய்யுங்கள். புலம்பலோ செபமோ அவர்களுக்குப் பாடமாக இருந்தால், கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, பிள்ளையை இரண்டு அடிகளாவது கூடச் சேர்ந்து சொல்ல வையுங்கள். மெதடிஸ்த சபைக் குடும்பங்களில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் வழக்கம் பற்றிக் கேட்கலாம். சைவ, இஸ்லாமியப் பிள்ளைகள் சிவராத்திரியையோ நோன்பையோ பற்றித் தங்கள் வீட்டில் கேட்டு வரட்டும். பெரியவர்கள் தொலைவில் இருந்தால் தொலைபேசியில் பேசினாலும் போதும்.

கேட்டதைக் கொப்பியில் ஒரு பக்கம், பெரியவர் பேசிய சொற்களிலேயே எழுதினால் போதுமானது. தயவுசெய்து நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம். பாடசாலை மீண்டும் தொடங்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் அதைக் கொடுக்கலாம். பாடிக்காட்ட விரும்பும் பெரியவர்கள் யாரேனும் இருந்தால், அன்று காலைக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். முன்வரிசையில் அவர்களுக்கு இருக்கைகள் போட்டு வைத்திருப்போம்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை