ஓவியப் போட்டியைக் கடற்கரைக்குக் கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டிகளில் 'இயற்கைக் காட்சி' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை மண்டபத்துக்குள் உட்கார வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். சன்னல்களைச் சாத்தி, குழல்விளக்குப் போட்ட கல்யாண மண்டபம். மேசைமேல் வந்து குவிந்த படங்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே படம். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை. சிலவற்றில் மலையுச்சியில் பனி வேறு படர்ந்திருந்தது. வரைந்தவர்களோ உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு பக்கத்துப் பிள்ளைகள். மண்டபச் சுவருக்கு அந்தப்புறம் பனங்காடு. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கடல். ஒரு படத்தில்கூடப் பனை இல்லை.

பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. கரும்பலகையில் போட்டுக் காட்டியதை, கைப்பேசியில் பார்த்ததைத்தான் அவர்கள் போடுவார்கள். ஓவிய ஆசிரியையாகப் பல்லாண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தால் அதே பிள்ளைகள் வேறு விதமாக வரைவார்கள்.

வேலையில் இருந்த காலத்தில், அனுமதி கிடைத்தபோதெல்லாம் என் மாணவர்களை மணப்பாட்டுக்கு அழைத்துப் போவேன். திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணல்மேட்டின் சரிவில் உட்காருவோம். காலை வெயில் கடலுக்கு மேலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நீல வில்லையைத் தூரிகையால் குழைத்தபடி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "டீச்சர், கடல் நீலமாகவே இல்லையே?" என்றாள். உண்மைதான். எதிர்வெயிலில் அந்த நேரத்துக் கடல் வெள்ளித் தகடு. அடிவானத்தில் மட்டும் ஒரு கருங்கோடு. கரையோரத்தில் மணல் கலங்கிய பழுப்பு. மதியம் வந்தால் ஆழம் குறைந்த இடம் பச்சையாகத் தெளியும். சூரியன் முதுகுப் பக்கம் போன பிறகுதான் நாம் பாட்டில் பாடுகிற நீலக்கடல் வரும். அந்தப் பிள்ளை நீலத்தைக் கழுவிவிட்டு, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் துளி அல்ட்ராமெரின் என்ற ஆழ்நீலத்தையும் கலந்து வந்த சாம்பல் நிறத்தில் கடலைப் போட்டாள். கறுப்பு வில்லையைத் தொடவே இல்லை. அதற்கு மேல் நான் கற்றுத்தர என்ன இருந்தது?

கடலை நீர்வண்ணத்தில் போடுவதற்குப் பொறுமை வேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். நுரையைக் கடைசியில் பூசிக்கொள்ளலாம் என்றிருந்தால் நடக்காது. அது எங்கே வரும் என்று முதலிலேயே தீர்மானித்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுச் சுற்றிலும் வண்ணம் இட வேண்டும். அதற்கு அலையைப் பார்த்தாக வேண்டும். உடையப் போகும் அலையின் உச்சி மெல்லியதாக இருப்பதால் வெளிச்சம் ஊடுருவிப் பச்சைக் கண்ணாடியாகத் தெரியும். அதன் வயிறு நிழலில் இருண்டு கிடக்கும். உடைந்தபின் நுரை வலைபோல் விரிந்து பின்வாங்கும். பத்து அலை பார்த்துவிட்டு ஓர் அலை போடு என்பேன். மண்டபத்துக்குள் எந்த அலையைப் பார்ப்பது?

எங்கள் ஊர்க் காற்றும் ஓர் ஆசிரியர்தான். சித்திரை வெயிலில் வானத்துக்கு இட்ட வண்ணம் காகிதத்தின் மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்து வரி வரியாக நின்றுவிடும். காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்ட வைத்தால்தான் சமாளிக்கலாம். ஐப்பசி ஈரத்தில் நேர்மாறு: ஒரு பூச்சு காயக் காத்துக் கிடக்க வேண்டும், அவசரப்பட்டால் வானம் கடலுக்குள் இறங்கிவிடும்.

தேரி என்று நாங்கள் சொல்லும் செம்மணல் மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே விரிந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியின் செம்மணலை உலகத்து ஓவியர் யார் பார்த்தாலும் பெட்டியைத் திறந்துவிடுவார். அந்தச் சிவப்பின்மேல் விழும் பனை நிழல் கறுப்பல்ல; மாலையில் உற்றுப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம். தேரிக்கு நான் எண்ணெய்வண்ணத்தையே எடுப்பேன். கத்தியால் அப்பினால் மணலின் கனம் வரும். ஆனால் எண்ணெய்வண்ணம் நீர் வற்றுவதுபோல் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. கனமாக அப்பிய இடம் உள்ளுக்குள் உலர மாதக்கணக்காகும். ஆடிக் காற்றில் அதை வெளியே வைத்தால் தேரி மண் முழுவதும் கித்தானில் வந்து ஒட்டும். ஆகையால் இடத்தில் நீர்வண்ணக் குறிப்பு, வீட்டில் எண்ணெய்வண்ணம் என்பது என் முறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு, எண்ணெய்வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் நெடியும் வேண்டாம், நீர்வண்ணமே போதும்.

மணல் ஒட்டினால் படம் கெட்டுவிட்டது என்றும் நினைக்க வேண்டியதில்லை. 1882 ஆகஸ்டில் டச்சு ஓவியர் வான்கோ நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில், புயற்காற்றில் நின்று கடலை எண்ணெய்வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியத்தின் வண்ணத்துக்குள் அன்றைய மணல் துகள்கள் இன்றும் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமிலுள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்திலிருந்து 2002இல் திருடுபோய் 2016இல் மீட்கப்பட்ட படம் அது.

இப்படி நேரில் பார்த்து வரைவதில் நம் தென்மாவட்டங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1792இல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே குமரிமுனை வரை பயணம் செய்து, வழியெல்லாம் வரைந்தார்கள். களக்காட்டுப் பக்கத்து மலைகளும் பாபநாசம் அருவியும் அவர்களுடைய படங்களில் இருக்கின்றன. 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களின் தொகுப்பில் இவையும் சேர்ந்தன. பல்லக்கிலும் குதிரையிலும் பயணம் போன காலத்தில் அயல்நாட்டார் நின்று பார்த்து வரைந்த மலையை, அதன் அடிவாரத்துப் பிள்ளை பார்க்காமல் முக்கோணமாகப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கோவையில் 1911இல் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் நீர்வண்ண நிலக்காட்சிகளில் தொடங்கியவர்தான். சொற்களையும் குறியீடுகளையும் கொண்ட அவருடைய பிற்கால ஓவியங்களையே இன்று பெரிதும் பேசுகிறோம். 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய, சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமமும் கடலோரத்தில்தான் அமைந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் உருவாகி வருகிறது. வரட்டும், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் இந்தக் கரையின் தோற்றம் மாறப் போகிறது. பனை, தேரி, கடல் மூன்றும் ஒன்றாகத் தெரியும் இடங்களை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் கையால் வரைந்து வைக்கட்டும்.

போட்டி நடத்துவோருக்கு என் வேண்டுகோள்கள் பெரிய செலவு வைப்பவை அல்ல. பெரிய தாள் வேண்டாம்; அஞ்சலட்டை அளவில் கெட்டியான காகிதம் போதும். விலை கூடிய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம்கூட ஒரு தாளை வெட்டினால் பல பிள்ளைகளுக்கு வரும். கைப்பேசியை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்று விதி வையுங்கள். கண்முன் இருப்பதைப் பார்த்து வரைந்ததற்கே முதல் மதிப்பெண் கொடுங்கள். வழவழப்பாக முடித்ததற்கு அல்ல. தண்ணீருக்குள் யாரும் இறங்காதபடி கவனிக்க, பிள்ளைகளோடு போதிய அளவில் பெரியவர்கள் வர வேண்டும். உங்கள் நாளிதழும் சிறுவர் பக்கத்தில் ஒரு பத்தியை, நேரில் பார்த்து வரைந்த படங்களுக்கு மட்டும் ஒதுக்கி, எந்த ஊரில் எந்த நேரத்தில் வரைந்தது என்று கீழே குறித்தால் மாணவர்களுக்கு அது பெரிய ஊக்கமாக இருக்கும்.

வெயிலில் பிள்ளைகள் வாடிவிடுவார்கள் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். மார்கழியிலோ தையிலோ காலை 6 மணிக்கு உட்கார வைத்து 9 மணிக்குள் தாள்களை வாங்கிவிட்டால் அந்தக் கவலை வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
உடன்குடி.